மைனஸ் இருபத்தேழு புள்ளி நாலு

நரின், 9 நவம்பர் 2014

அக்காவுக்கு,

நீ வானிலை நிலையத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போன் எடுக்காத மலைக்கு வேலைக்குப் போகிறவள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் லாரி ஏறிவிட்டாய். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். லாரிக்கார ஜங்காசி அண்ணனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். "உங்கக்காவுக்கு வெங்காயம் சுமக்கிறதே பெரும்பாடு, இதுல காயிதம் வேறயா?" என்று முனகிக்கொண்டே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

செய்தி இதுதான். அப்பாவின் வெல்டிங் கொட்டகையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய சோவியத் ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமிழைத் திருகிக்கொண்டே போனால், இரைச்சலுக்கு நடுவில் நீ! "கோக்-தோர். பன்னிரண்டு மணி. மைனஸ் ஒன்பது புள்ளி இரண்டு. தெற்குக் காற்று." அம்மா கையெல்லாம் மாவோடு ஓடி வந்தாள். "நூரிசாவா? என் பொண்ணா? ஏன்டா இவ வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பேசுறா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இப்போது நம் வீட்டில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா வேலையும் நிற்கிறது.

நான் அதையெல்லாம் போனில் பதிவு செய்து வைக்கிறேன். உன் குரல், ரேடியோ இரைச்சல், அப்பா இரும்பு தேய்க்கிற கிரைண்டர், எல்லாம். கம்ப்யூட்டர் கிளப்பில் மற்றவர்கள் விளையாட்டில் டாங்கி ஓட்டிச் சுட்டுக்கொண்டிருக்கும்போது நான் மூலையில் உட்கார்ந்து இவற்றை வெட்டி ஒட்டித் தாளம் கட்டுகிறேன். அதற்கென்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். "என் கிரைண்டர் இதைவிட நல்லாப் பாடும்" என்றார். பாடுவதே உங்கள் கிரைண்டர்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

திலெக்


கோக்-தோர், 30 நவம்பர் 2014
மைனஸ் பதினாறு புள்ளி ஐந்து. மேற்குக் காற்று. லேசான பனி.

திலெக்,

சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தால் நீ அழுதிருப்பாய், உன்னைப் பார்த்து நானும் அழுதிருப்பேன். பதினைந்து வயதுத் தடியன் தெருவில் நின்று அழுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வாய்ப்பாடு என்றா சொன்னாள் அம்மா? மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நான் வெளியே போகிறேன். வாசலிலிருந்து தெர்மாமீட்டர் கூண்டு வரை அறுபது காலடி. பனிப்புயலில் தடம் தவறாமல் இருக்க ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போய், பார்த்து, திரும்பி வந்து பதிவேட்டில் எழுதி, ரேடியோவில் படிக்க வேண்டும். நிலையம் தொடங்கி ஐம்பத்தெட்டு வருடமாகிறது. பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எங்கள் தலைவர் பெக்தூர் அண்ணன் முதல் நாளே என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "பொய் எழுதுறதுக்குப் பதிலா காலியா விட்டுடலாம்மா. ஆனா இங்க யாரும் காலியாவும் விட்டதில்ல, பொய்யும் எழுதினதில்ல." எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

என் குரலை வைத்து விளையாடாதே. ஒழுங்காகப் படி. அடுத்த லாரியில் வெங்காயமும் சூரியகாந்தி விதையும் அனுப்பச் சொல்.

நூரிசா


நரின், 3 ஜனவரி 2015

அக்கா,

வெங்காய மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவு. ஒரு பென் டிரைவ் இருக்கும். நான் முழுதாகச் செய்த முதல் பாட்டு அது. நாலு நிமிடம். கிரைண்டர், ரேடியோ இரைச்சல், அம்மாவின் தையல் மிஷின், அவ்வளவுதான். உன் குரலை நீ வேண்டாம் என்றதால் போடவில்லை.

உன் பிளேயரில் போட்டுக் கேட்டுவிட்டு உண்மையைச் சொல். இங்கே யாரிடமும் கேட்க முடியவில்லை. கிளப்பில் சிரிக்கிறார்கள். அம்மா எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்பாள். நீ மோசம் என்று சொன்னால் இதோடு விட்டுவிட்டு அப்பாவிடம் வெல்டிங் கற்றுக்கொள்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திலெக்


கோக்-தோர், 8 பிப்ரவரி 2015
மைனஸ் இருபத்தொன்று புள்ளி மூன்று. காற்று இல்லை.

திலெக்,

ஸ்டார்ட் ஆகாத டிராக்டர் மாதிரி இருக்கிறது. ஒருமுறை கேட்டேன், எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஆனால் மூன்றாவது நிமிடத்தில் தையல் மிஷின் தனியாக ஓடுகிறதே, அப்புறம் கிரைண்டர் மெதுவாக வந்து அதன் பக்கத்தில் உட்காருகிறதே, அந்த இடத்தில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகிவிட்டது. வெல்டிங் எங்கேயும் ஓடிப்போகாது. இன்னொன்று செய்து அனுப்பு.

விதை வறுபடவில்லை. அம்மாவிடம் சொல்.

நூரிசா


நரின், 25 ஜூன் 2017

அக்கா,

பள்ளி முடிந்தது. சான்றிதழை அம்மா சுவரில் மாட்டிவிட்டாள். செப்டம்பரில் பிஷ்கெக்கில் பாலிடெக்னிக், சாலைப் பொறியியல். அப்பா முடிவு செய்துவிட்டார்.

அதுவரை கல்யாண விருந்துகளுக்குப் பாட்டுப் போடப் போகிறேன். விருந்தை நடத்துகிற மெலிஸ் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் கல்யாணத்திலேயே மானம் போனது. ஆத்-பாஷியில் பெரிய கூடாரம், முந்நூறு பேர். பெரியவர் ஒருவர் எழுந்து ஆசி சொல்லக் கையேந்தினார். அப்போது ஈகூட அசையக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். முந்நூறு பேரும் கையேந்தி நிற்க, என் பாஸ் தாளம் மட்டும் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெலிஸ் அண்ணன் ஓடி வந்து வயரைப் பிடுங்கினார். "ஏன்டா, அந்தப் பெரியவர் உன் பாட்டுக்கு வாயசைக்கிறார்னு நெனச்சியா?" கூடாரமே சிரித்தது. மாப்பிள்ளை உட்பட.

அடுத்து இன்னொரு பெரியவர் எழுந்தார். இந்தத் தடவை அவர் கை மேலே போகும்போதே பாட்டைப் பாதித் தாளத்தில் வெட்டினேன். அவ்வளவு பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது அக்கா. அவர் முடித்ததும் எல்லாரும் ஆசியை ஏற்று முகத்தைத் தடவிக்கொண்டு "ஓமின்" என்றார்கள். அந்த நொடியில் பாஸைத் திறந்துவிட்டேன். எழுபது வயது மாமா ஒருவர் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் குதித்தார். அதுவரை அவர்கள் ஆடியதெல்லாம் ஆட்டமே இல்லை.

எனக்கு சாலை போட விருப்பமில்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

திலெக்


பிஷ்கெக், 17 பிப்ரவரி 2019

அக்கா,

உனக்கு முன்பே தெரிந்திருக்கும். பாலிடெக்னிக்கை விட்டுவிட்டேன். சந்தையில் ஒரு கன்டெய்னர் கடையில் போன் பழுது பார்க்கிறேன். சாயங்காலம் கடைக்காரர் கிளம்பியதும் பின்பக்கம் எனக்கு. சுவர் முழுக்கக் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறேன், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. போன வாரம் ஒரு பாடகிக்கு இசை செய்து கொடுத்தேன். என் பேரைப் போட மறந்துவிட்டார்கள். பரவாயில்லை, அடுத்த பாட்டுக்கும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அப்பா போனை எடுப்பதில்லை. அம்மா எடுத்து, "ஒண்ணும் சொல்லாதடா, பக்கத்துல இருக்கார்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுகிறாள். ஏப்ரலில் உனக்கு விடுப்புதானே? நீ பேசிப் பார். நீ சொன்னால் கேட்பார். நான் சோம்பேறி இல்லை என்று மட்டுமாவது சொல். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வேலை செய்கிறேன்.

திலெக்


நரின், 20 ஏப்ரல் 2019
பிளஸ் எட்டு. வீட்டு வாசலில் தொங்கும் தெர்மாமீட்டர், நம்ப முடியாது.

திலெக்,

பேசினேன். முதல் நாள் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டாம் நாள் கொட்டகைக்கே போய், நீ அனுப்பிய பாடகியின் பாட்டைப் போட்டேன். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே முழுதும் கேட்டார். "நான் இரும்பை ஒட்டுறேன், அவன் இரைச்சலை ஒட்டுறான். ரெண்டுமே ராத்திரி பகல் பார்க்காத பொழப்பு" என்றார். அப்புறம், "ஒட்டு விட்டுப்போகாம ஒட்டியிருக்கான்" என்றார். நானாக எதையும் சேர்க்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் கொட்டகை வாசலில் இரண்டு இரும்புத் தாங்கிகள் நின்றன. ஸ்பீக்கர் வைக்கவாம். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "தெரியாதுதான். அவனை அளவுக்கு ஏத்த ஸ்பீக்கரா வாங்கச் சொல்லு" என்றார். நாளைய வேனில் வருகிறது. வேன் நிற்கிற இடத்தில் எடுத்துக்கொள். போன் செய், இந்தத் தடவை எடுப்பார்.

நூரிசா


பிஷ்கெக், 6 மார்ச் 2021

அக்கா!

இந்தப் பென் டிரைவை முதலில் கேள், கடிதத்தை அப்புறம் படி.

கேட்டாயா? நீதான். குளிர்காலம் பூராவும் கடை அடைப்பு, வேலையில்லாமல் என் முதல் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். உன் பழைய பதிவுகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். 11 ஜனவரி 2015, காலை ஒன்பது மணி. "கோக்-தோர். ஒன்பது மணி." அப்புறம் ஒரு சின்ன மூச்சு. "மைனஸ் இருபத்தேழு புள்ளி நாலு." அங்கேயே நிறுத்தி மறுபடி மறுபடி போட்டேன். ஒன்பது நாள் வெளியே போகவில்லை. பாட்டு முடிந்தது.

இணையத்தில் போட்டு நாலு நாள்தான் ஆகிறது. இதுவரை நான் செய்ததையெல்லாம் சேர்த்துக் கேட்டவர்களைவிட அதிகம் பேர் கேட்டுவிட்டார்கள். உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். தெரியும். ஆனால் லாரி மேலே போய்த் திரும்ப இரண்டு மாதம் ஆகும், எனக்குப் பொறுமை இல்லை. திட்டு, ஆனால் கேட்டுவிட்டுத் திட்டு.

திலெக்


கோக்-தோர், 23 மே 2021

திலெக்,

கணவாயில் பனி மூடி இன்றுதான் லாரி வந்தது. ஜங்காசி அண்ணன் இறங்கும்போதே "மைனஸ் இருபத்தேழு புள்ளி நாலு" என்று பாடிக்கொண்டு இறங்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உலகத்துக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? நரின்ல சின்னப் புள்ளைங்ககூட இதைத்தான் கத்துது" என்றார். பெக்தூர் அண்ணன் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். என் குரல் என் தலைவருக்கு முன்னால் லாரிக்காரர் வாயிலிருந்து எனக்கே தெரிய வருகிறது.

என் குரலை வைத்து விளையாடாதே என்று எழுதியிருந்தேன். அது பழைய கதை, நீ சின்னப் பையன், மறந்திருப்பாய். அதை விட்டுவிடுகிறேன். பாட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளை எடுத்துவிடு. உன்னிடம் நூறு நாள் இருக்கிறது என்கிறாய், வேறு எந்த நாளை வேண்டுமானாலும் போட்டுக்கொள். அந்த ஒரு நாள் வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

நூரிசா


பிஷ்கெக், 20 ஜூன் 2021

அக்கா,

ஏன் என்று கேட்கக் கூடாதாம். நீ முதலாளியா, நான் கூலியா?

மற்ற நாள்களையும் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னதற்காகவே மறுபடி உட்கார்ந்து நாற்பது நாளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீ மளிகைக் கடையில் விலை சொல்கிறவள் மாதிரி இருக்கிறாய். அந்த ஒரு நாள் மட்டும் எண்ணுக்கு முன்னால் அரை நொடி நிற்கிறாய். மூச்சு ஒன்று தடுக்குகிறது. அதற்கு அப்புறம் எண் வரும்போது கேட்கிறவன் நெஞ்சில் ஏதோ ஆகிறது. பாட்டே அந்த அரை நொடிதான். அதை எடுத்துவிட்டு நான் எதைப் போடுவது?

பெர்லினிலிருந்து ஓர் இசை நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கன்டெய்னர் கடையிலிருந்து நின்றுகொண்டேன். ஏழு வருடம் அக்கா. கிளப்பில் சிரித்தார்கள், கல்யாணத்தில் சிரித்தார்கள், பேரைப் போட மறந்தார்கள். இப்போதுதான் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை உன் வெட்கத்துக்காக மூடச் சொல்கிறாயா? முடியாது.

திலெக்


பிஷ்கெக், 31 அக்டோபர் 2021

அக்கா,

மூன்று லாரி போய் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விடுப்புக்கும் இறங்கி வரவில்லை என்று அம்மா சொன்னாள். நரினிலிருந்து பழைய ரேடியோவை இங்கே கொண்டுவந்துவிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்பது மட்டும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தெரிகிறது.

பாட்டு எங்கெல்லாமோ போய்விட்டது. துருக்கியில் போடுகிறார்கள், ஜப்பானில் போடுகிறார்கள். அந்த எண்ணைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் யாராவது பாராட்டும்போதெல்லாம் உன் முகம்தான் ஞாபகம் வருகிறது, ஸ்டார்ட் ஆகாத டிராக்டர் என்று நீயே வந்து சொன்னால்கூடத் தேவலை.

அதட்டி எழுதியது தப்பு. மன்னித்துவிடு. காரணத்தைச் சொல், கேட்கிறேன்.

திலெக்


கோக்-தோர், 12 டிசம்பர் 2021
மைனஸ் இருபத்துமூன்று புள்ளி எட்டு. வடமேற்குக் காற்று. பனி.

திலெக்,

காரணம் இது. அந்த எண் பொய்.

அன்று காலை பனிப்புயல். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், நேரம் போனது தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பதாக ஒரு நிமிடம். ரேடியோ காத்திருக்கிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் வரக் கால் மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு என்ன இருந்தது என்று பார்த்தேன், கொஞ்சம் குறைத்து வாயில் வந்ததைச் சொன்னேன். பதிவேட்டிலும் எழுதினேன். நீ உருகுகிற அந்த அரை நொடி, நான் பொய்யை யோசித்த நேரம். ஐம்பத்தெட்டு வருடத்தில் முதல் பொய் என்னுடையது. யாருக்கும் தெரியாமல் அந்தக் கட்டத்துக்குள் கிடந்தது. நீ அதை எடுத்து உலகத்தையே ஆட விட்டாய்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நிலையத்துக்கு நல்ல பேர் வந்திருக்கிறதாம். அந்தப் பக்கத்தைப் பதிவேட்டிலிருந்து படமெடுத்து, சட்டம் போட்டு, தலைமை அலுவலக வாசலில் மாட்டப் போகிறார்களாம். எனக்குப் பாராட்டுப் பத்திரமாம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பெக்தூர் அண்ணன் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த எண்ணை அடித்தார். பக்கத்தில் "பார்க்கப்படவில்லை" என்று எழுதினார். "ஏழு வருஷமா இதைச் சுமந்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எழுத்தில் கண்டிப்பு வந்திருக்கிறது. வேலை போகவில்லை.

உன் பாட்டை நீ என்ன செய்வாயோ தெரியாது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது.

நூரிசா


பிஷ்கெக், 27 பிப்ரவரி 2022

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஸ்பீக்கரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பாட்டைத் திறந்து அந்த எண்ணை அழித்தேன். மூச்சை மட்டும் விட்டேன். "ஒன்பது மணி." மூச்சு. அப்புறம் ஒன்றுமே இல்லை. எட்டு நொடி, முழுக் காலி. உங்கள் தலைவர் சிவப்புப் பேனாவில் விட்ட மாதிரி.

பெர்லினுக்கு அனுப்பினேன். இசை நிறுவனத்து அம்மா போனிலேயே கத்திவிட்டாள். "அந்த எண்தான் பாட்டு, அதை எடுத்துட்டு ஓட்டையை விக்கச் சொல்றியா?" என்றாள். பழையதை இறக்கிவிட்டு இதை ஏற்றாவிட்டால் அடுத்த ஆல்பம் கிடையாது என்று நானும் கத்தினேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.  ஒரு வாரம் கழித்து ஒத்துக்கொண்டாள். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாள். இருக்கட்டும்.

இப்போது ஒன்று கேட்கப் போகிறேன். இந்தத் தடவை முன்கூட்டியே கேட்கிறேன். ஜூலை 16, சனிக்கிழமை, இசிக்-குல் ஏரிக் கரையில் பெரிய இசை விழா. கடைசி நிகழ்ச்சியாக என் பெயர் போட்டிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குச் சரியாக அந்தக் காலி இடம் வருகிற மாதிரி என்னால் வாசிக்க முடியும். மேடையில் நம் பழைய ரேடியோ இருக்கும். அந்த எட்டு நொடியில் நீ அன்றைய எண்ணைப் படிப்பாய். அன்றைய உண்மையான எண். நீ வேண்டாம் என்றால் காலியாகவே விட்டுவிடுவேன்.

திலெக்


கோக்-தோர், 15 மே 2022
மைனஸ் இரண்டு புள்ளி ஒன்று. கிழக்குக் காற்று.

திலெக்,

பெக்தூர் அண்ணனிடம் கேட்டேன். "ரேடியோ எல்லாருக்கும் பொதுதானேம்மா, கேக்கிறவன் கேக்கட்டும்" என்றார். அதனால் சரி.

நான் உனக்காகக் குரலை மாற்ற மாட்டேன். முன்னால் நிறுத்தி மூச்சு விட மாட்டேன். மளிகைக் கடைக்காரி மாதிரியே படிப்பேன். ஒரு நொடிகூடத் தாமதிக்க மாட்டேன், நீதான் எனக்குச் சரியாக வர வேண்டும். சம்மதமென்றால் செய்.

அம்மாவுக்கு உட்கார நாற்காலி போடு.

நூரிசா


சோல்போன்-ஆதா, 19 ஜூலை 2022

அக்கா,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். மத்தியானமே வந்து மேடைக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு ஒட்டாகத் தட்டிப் பார்த்தார். "இதை வெல்டிங் பண்ணவன் யாரு, அவன் கையைக் காட்டச் சொல்லு" என்று விழாக்காரர்களை அலற வைத்துவிட்டார். அப்புறம் அவரே விளக்குக் கம்பத்தில் ஏறி ரேடியோவுக்கு ஏரியல் வயர் கட்டினார். ரேடியோவை அவர் செய்த தாங்கியின் மேல்தான் வைத்தேன். மூன்று வருடத்துக்கு அப்புறமும் அளவு பொருந்தவில்லை, கீழே ஒரு செங்கல் வைக்க வேண்டியிருந்தது.

பத்தாயிரம் பேர் இருப்பார்கள் என்றார்கள். நான் எண்ணவில்லை, தண்ணீர் வரைக்கும் தலைதான். ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது பாட்டைத் தொடங்கினேன். என் கண் கடிகாரத்திலேயே இருந்தது. உன் பழைய குரல், "ஒன்பது மணி." மூச்சு. எல்லாவற்றையும் வெட்டினேன். ரேடியோவைத் திறந்தேன்.

இரைச்சல். வெறும் இரைச்சல் அக்கா. முன்வரிசையில் சிலர் பழைய எண்ணைக் கத்தினார்கள்.  அப்போது பச்சைத் தலைமுடியோடு ஒரு பெண், பதினெட்டு வயதுகூட இருக்காது, இரண்டு கையையும் ஏந்தினாள். பாட்டு பாதியில் நின்றால் நம் ஆட்களுக்குக் கை தானாக ஏந்தும், அவ்வளவு கல்யாணம் பார்த்தவர்கள். பக்கத்தில் இருந்தவன் ஏந்தினான். அப்புறம் அவன் பக்கத்தில். கத்தியவர்களும் வாயை மூடிக்கொண்டு ஏந்தினார்கள். தண்ணீர் வரைக்கும் கைதான்.

"கோக்-தோர். ஆறு மணி. பிளஸ் நாலு புள்ளி ஆறு. காற்று இல்லை. முடிந்தது."

ஒரு தடுக்கல் இல்லை. மளிகைக் கடைதான். பத்தாயிரம் பேர் முகத்தைத் தடவிக்கொண்டு "ஓமின்" என்றார்கள். நான் பாஸைத் திறந்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை எனக்கு எழுதத் தெரியாது. மெலிஸ் அண்ணன் மேடைக்குப் பின்னால் குழந்தை மாதிரி அழுதார். அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று, "அது என் பொண்ணு, அது என் பொண்ணு!" என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் பிடித்து உலுக்கினாள். பெர்லின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டையை இனிமே யாரும் தொடக் கூடாது" என்றாள். பத்து நாட்டில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலியாக விட்ட பாட்டைத்தான் கேட்கிறார்கள். நான் இனி யாருக்கும் போன் பழுது பார்க்க வேண்டாம், சாலை போட வேண்டாம். ஜெயித்துவிட்டேன் அக்கா. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் தம்பி


கோக்-தோர், 7 ஆகஸ்ட் 2022

திலெக்,

அன்றைக்கு நான் ஐந்தே முக்காலுக்கே கூண்டுக்குப் போய்விட்டேன். வெயில் அடித்தது, கயிறு தேவையில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் போனேன். இரண்டு தடவை பார்த்தேன். படித்து முடித்ததும், எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்கிற நரின் ரேடியோ ஆப்பரேட்டர் வழக்கமாக "பெற்றேன்" என்று மட்டும் சொல்வார். அன்று, "பெற்றேன் நூரிசா. இங்க நாங்க எல்லாருமே கை ஏந்திட்டோம்" என்றார். விழாவை அங்கே தொலைக்காட்சியில் போட்டிருக்கிறார்கள். பெக்தூர் அண்ணன் எனக்குத் தேநீர் ஊற்றினார். எட்டு வருடத்தில் அவர் ஊற்றி நான் குடித்தது அதுதான் முதல் தடவை.

ஒன்று பாக்கியிருக்கிறது. டிசம்பரில் எழுத வெட்கமாக இருந்தது. அந்த ஜனவரி காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தைத் தவறவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெங்காய மூட்டையிலிருந்து எடுத்த உன் பென் டிரைவைப் பிளேயரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தையல் மிஷின் தனியாக ஓடுகிற இடத்துக்காகத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒருமுறைதான் கேட்டேன் என்று உனக்கு எழுதியதும் பொய். கடிகாரத்தைப் பார்த்தபோது அது பதினொன்றாவது தடவை. ஐம்பத்தெட்டு வருடத்துப் பதிவேட்டை உன் டிராக்டர்தான் கெடுத்தது. அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

செப்டம்பரில் இறங்கி வருகிறேன். நீ எந்த நாட்டில் இருந்தாலும் பத்து நாள் வீட்டுக்கு வந்துவிடு.

இன்று காலை ஒன்பது மணி. பிளஸ் ஆறு புள்ளி ஒன்று. தெற்குக் காற்று. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா